புதுக் குழலுக்குப் பழைய சட்டை

ஸ்தூரே வல்லாண்டர் வந்து சேர்வதற்கு முன்பே அவனுடைய துப்பாக்கியின் வாசனை சுடுதளத்துக்கு வந்துவிட்டது.

"யாரு, படகுக்குத் தார் பூசறாங்களா?" என்று கேட்டாள் ஹில்டூர்.

"படகு இல்ல. ஸ்தூரேயோட தாத்தா," என்றேன் நான்.

"பெத்ரூஸா? அவர் போய்ச் சேர்ந்து நாப்பது வருஷம் ஆகுதே."

"அவரோட துப்பாக்கியாம். பரண்ல கிடைச்சுதாம்."

"அப்படியா," என்றாள் ஹில்டூர், காபியை உறிஞ்சிக்கொண்டே. எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தையைப் பல விதமாகச் சொல்லலாம். அவள் சொன்னது, மேலே கேட்கவும் மாட்டேன், நம்பவும் மாட்டேன் என்கிற விதம்.

ஜூன் மாதத்து முதல் ஞாயிறு. வெஸ்டர்லிடன் துப்பாக்கிச் சங்கத்தின் பழைய பட்டாளத் துப்பாக்கிப் போட்டி. விதி ஒன்றே ஒன்று: அரசாங்கம் தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கியாக இருக்கவேண்டும், கொடுத்தபடியே இருக்கவேண்டும். ஹில்டூர் நூர்லோஃப், வயது எண்பத்தொன்று, 1906-இல் செய்த ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். நான் சங்கத்தின் செயலாளர். மினிட்ஸ் எழுதுவதும் காபி போடுவதும் என் வேலை. இரண்டுக்கும் ஒரே மேசை.

அந்தக் காலத்துத் துப்பாக்கி எங்கள் நாட்டில் கிடைக்காத பொருளல்ல. ஒரு நல்ல சைக்கிள் விலைக்கு உண்மையானதே வாங்கலாம். ஸ்தூரேயும் வாங்கினான். ஏழு வருடம் சுட்டான். ஏழு வருடமும் குண்டுகள் இலக்குப் பலகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. குழல் தேய்ந்துவிட்டது என்றான், தோட்டா சரியில்லை என்றான், காற்றைச் சொன்னான், கொசுவைச் சொன்னான். தன் கண்ணை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

போன இலையுதிர் காலத்தில் என்னிடம் வந்தான்.

"கெர்டா, லைசென்ஸுக்குச் சங்கத்துக் கடிதம் ஒண்ணு வேணும். புதுசா ஒண்ணு வாங்கறேன்."

"என்ன துப்பாக்கி?"

தாளை நீட்டினான். அந்த வருட மாடல். கறுப்பு எஃகு, கறுப்புப் பிளாஸ்டிக், கோடீஸ்வரர்கள் பந்தயத்துக்கு வாங்குகிற வகை.

"நல்லா இருக்கே. எதுக்குப்பா இது?"

"சும்மா, வீட்டுல வெச்சுப் பார்க்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"நான் என்னைக்குச் சொன்னேன்?"

தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். மிச்சத்தை அவன் மனைவி மாய்-பிரித் கடை வரிசையில் நின்றபடி எனக்குச் சொன்னாள். எனக்கு மட்டுமல்ல, எனக்கு முன்னால் நின்ற நாலு பேருக்கும் பின்னால் நின்ற மூன்று பேருக்கும்.

"இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல கெர்டா. விரிசல் விட்ட பழைய துப்பாக்கிக் கட்டை ஒண்ண வாங்கி, உள்ள தோணி மாதிரி குடைஞ்சு, புதுக் குழலை அதுக்குள்ள படுக்க வெச்சிருக்கார். மேலயும் மரம், கீழயும் மரம். எஃகு வெளிய தெரியவே கூடாதாம். தெரியற இடத்தையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெள்ளையாக்கறார். குண்டு ஏத்தற கைப்பிடி வளைஞ்சு இருந்தத நேராக்கிட்டார், அந்தக் காலத்துல நேராத்தான் இருக்குமாம்."

"கட்டைக்கு வயசு தெரியணுமே?"

"சாவிக்கொத்தால அடிச்சார். அப்புறம் பதினாலு நாள் கோழிக்கூண்டுல தொங்கவிட்டார். கோழி முட்டை போடறதையே நிறுத்திடுச்சு. இப்ப என் சானா நீராவி அறையில வெச்சுத் தாரும் ஆளிவிதை எண்ணெயும் தேய்ச்சிட்டு இருக்கார். நான் சானாவுல உட்கார்ந்தா கப்பல் அடித்தளத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

ஸ்தூரே வேலையில் இருந்தவரை வண்டித் தகுதிச் சோதனை அதிகாரி. முப்பது வருடம் மற்றவர்கள் கார்களில் துருவைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன், ஓய்வுபெற்ற பிறகு சொந்தச் செலவில் துரு உண்டாக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியாகப் பித்தளை வில்லை. பழைய துப்பாக்கிகளின் அடிக்கட்டையில் சின்னதாக ஒரு வட்டம் பதித்திருப்பார்கள், பட்டாளத்தின் பெயரும் துப்பாக்கியின் எண்ணும் அதில் இருக்கும். வேறொருவன் என்றால் வாய்க்கு வந்த எண்ணை அடித்திருப்பான். ஸ்தூரே அப்படிச் செய்வானா? மூன்று முறை பஸ் பிடித்துப் போய், ஆவணக் காப்பகத்தில் பட்டாளத்தின் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வரிசை வரிசையாகத் தேடினான். உண்மையான துப்பாக்கியோடு நாளைக்கு எவனாவது வந்து நின்றுவிடக் கூடாதல்லவா? அதனால் "நீக்கப்பட்டது, 1944" என்று எழுதியிருந்த ஓர் எண்ணாகப் பார்த்து எடுத்தான். காலியாக இருந்த எண். அது ஏன் காலியானது என்று அவன் பார்க்கவில்லை. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆக, ஜூன் மாதம் அவன் துணி விரித்து அந்தத் துப்பாக்கியைக் காட்டியபோது, சுடுதளத்தில் நின்ற இருபத்திரண்டு பேரில் அது புதுசு என்று தெரியாதவர் ஒருவருமில்லை. சொன்னவரும் ஒருவருமில்லை. எங்கள் ஊரில் ஒருவர் தலையில் விக் வைத்திருந்தால், "முடி நல்லா இருக்கே" என்றுதான் சொல்வோம்.

"அடேயப்பா, நல்லாப் பாதுகாத்திருக்கார் உங்க தாத்தா," என்றார் தலைவர் ஃபோல்கே.

"அந்தக் காலத்து ஆளுங்க," என்றான் ஸ்தூரே.

"வாசனைகூட அந்தக் காலத்து வாசனை," என்றார் ஒருவர்.

"கொசு ஒண்ணுகூட பக்கத்துல வரலையே," என்றார் இன்னொருவர்.

ஸ்தூரே எல்லாவற்றையும் பாராட்டாகவே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

இங்கே ஹில்டூரின் விஷயத்தைச் சொல்லவேண்டும். அவளுடைய அப்பா அர்விட், போர்க்காலத்தில் எங்கள் பட்டாளத்தின் ஆயுதக் கிடங்குக்குப் பொறுப்பாளர். 1944-இல் எண்ணிப் பார்த்தபோது ஒரு துப்பாக்கி குறைந்தது. விசாரித்தார்கள், கிடைக்கவில்லை. திருட்டு என்று தீர்ப்பு எழுதவில்லை, திருடவில்லை என்றும் எழுதவில்லை. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு சாகும்வரை மர ஆலையில் பலகை அடுக்கினார். அங்கே சாப்பாட்டு மேசையில் அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போவார்கள். ஹில்டூருக்கு அப்போது எட்டு வயது.

அதையும் அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் பட்டாளத்து முன்னாள் வீரர் சங்கம் ஒரு வரலாற்றுப் புத்தகம் போட்டது. அதில் அறுபத்திரண்டாம் பக்கத்தில், "கிடங்குப் பொறுப்பாளர் அ. நூர்லோஃப் காலத்தில் ஒரு துப்பாக்கி மாயமானது" என்று ஒரு வரி. இலையுதிர் காலத்தில் மறுபதிப்பு வரப்போகிறது. அந்த வரியை எடுக்கச் சொல்லி ஹில்டூர் பதினோரு கடிதம் எழுதியிருக்கிறாள். எல்லாம் நான்தான் தட்டச்சு செய்தேன். பதினோரு பதிலும் ஒன்றுதான்: எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லாமல் மாற்ற இயலாது. "துப்பாக்கி எண் 1187 தொடர்பாக" என்று ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அடித்து அடித்து, என் விரல்களுக்கே அந்த எண் மனப்பாடம்.

போட்டியில் ஸ்தூரே வென்றான். வெல்லாமல் எப்படி? அந்தக் குழலை ஒரு மரக்கிளையில் கட்டிவைத்தால்கூட நாலில் மூன்று நடுவில் விழும். ஹில்டூர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தாள். முறைப்படி கைகொடுக்கப் போனாள். நானும் கூடவே போனேன்.

"வாழ்த்துகள் ஸ்தூரே. தாத்தாவ ஒரு தடவ பார்க்கலாமா?"

பெருமையோடு நீட்டினான். அவள் திருப்பிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். வில்லையின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தரம் தேய்த்தாள். அவள் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். 1187.

"இது எப்படிப்பா உங்க வீட்டுக்கு வந்தது?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்தூரே சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள், அது அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

"எங்க தாத்தா நாப்பத்துமூணு குளிர்காலத்துல கிடங்குக் காவல்ல இருந்தாரு. டிசம்பர்ல கிளம்பி வரும்போது இதையும் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துட்டாரு." கண்ணைச் சிமிட்டினான். "அப்பல்லாம் யாரு கேட்டாங்க!"

"யாரும் கேக்கலியா?"

"யாரும் கேக்கல."

"கெர்டா," என்றாள் ஹில்டூர். "சங்கத்து இதழுக்கு இதை எழுதிக்கோ. அவர் சொன்னதை அப்படியே."

"அப்படியே எழுதுங்க," என்றான் ஸ்தூரே. "பெத்ரூஸ் வல்லாண்டர். ரெண்டு எல்."

அன்று மாலைக்குள் அவன் வீட்டில் விஷயம் புரிந்துவிட்டது என்பதை மறுநாள் மாய்-பிரித் சொன்னாள். "புத்தகத்துல அறுபத்திரண்டாம் பக்கத்தப் படிக்கச் சொன்னேன். படிச்சார். உட்கார்ந்துட்டார். கோழிக்கூண்டுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார்."

செவ்வாய்க்கிழமை முற்பகல், ஹில்டூர் வீட்டுச் சமையலறையில் நானும் அவளும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்தூரே வந்தான். செருப்பைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, மழையைப் பற்றிப் பேசினான். உருளைக்கிழங்கு முளைப்பதைப் பற்றிப் பேசினான். ஏலக்காய் ரொட்டி நன்றாக இருக்கிறது என்றான். மூன்றாவது கோப்பையில் வந்து நின்றான்.

"ஹில்டூர், அந்த நம்பர் விஷயம்."

"சொல்லு."

"வியாழக்கிழமை கூட்டம் வெக்கச் சொல்லியிருக்கீங்களாமே."

"ஆமா. துப்பாக்கி கிடைச்சிருச்சுன்னு சங்கம் ஒரு தீர்மானம் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தா, புத்தகக்காரங்க அந்த வரிய எடுத்துடுவாங்க. கேட்டுட்டேன்."

"அந்தத் துப்பாக்கியாவே அது இல்லாம இருக்கலாமே?"

"நம்பர் போட்டிருக்கே."

"நம்பர் போட்டிருக்கு. ஆனா..." கரண்டியால் காலிக் கோப்பையைக் கலக்கினான். "இப்படிக்கூட நடந்திருக்கலாம். நான் யாரையும் குத்தம் சொல்லல. தாத்தா அதை யாருகிட்டயாவது காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். கிடங்குல இருந்த யாராவது..."

ஹில்டூர் ரொட்டித் தட்டை அவன் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"கிடங்குல இருந்தது எங்கப்பா. இன்னொரு தடவ சொல்லு பார்ப்போம்."

"இல்ல, சும்மா ஒரு யோசனை."

"நான் ஒரு யோசனை சொல்லட்டுமா? ஞாயித்துக்கிழமை நீ முதல் குண்டு போடறப்பவே எனக்குத் தெரியும். அந்தக் காலத்துத் துப்பாக்கிய மூடினா கொஞ்சம் முனகும். உன்னுது வெண்ணெயில கத்தி போற மாதிரி போகுது. அறுபது வருஷமா சுடறேன் ஸ்தூரே. என்னை யாருன்னு நெனச்ச?"

ஸ்தூரேயின் முகம் அவன் சமைத்த துரு நிறத்துக்கு வந்தது. என்னைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றேன். உண்மைதான்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

நான் காபிப் பாத்திரத்துக்குள் பார்த்தேன். ஹில்டூர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு மூச்சுக்குக்கூட காணாது.

"எனக்கும் கெர்டாவுக்கும்தான்."

அவன் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

"இப்ப கேளு," என்றாள் ஹில்டூர். "வியாழக்கிழமை நீ எழுந்து, இது புதுத் துப்பாக்கி, நான் வேஷம் போட்டேன், ஏமாத்தி ஜெயிச்சேன்னு சொல்லலாம். உன் தாத்தா பேரு சுத்தமாயிடும். எங்கப்பா இருந்த இடத்துலயே இருப்பாரு. இல்ல, வாயை மூடிக்கிட்டு இரு. துப்பாக்கி நிஜம், எடுத்தது பெத்ரூஸ், எங்கப்பா மேல தப்பில்ல. நான் உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன், சாகறவரைக்கும்."

"அது... தாத்தா ஒண்ணுமே பண்ணலியே ஹில்டூர்."

"எங்கப்பாவும் ஒண்ணுமே பண்ணல."

"எப்படி நான்..."

"உன் இஷ்டம். தொப்பிய மறந்துடாத."

அவன் போன பிறகு நான் சொன்னேன்: "உண்மையச் சொல்லிட்டான்னா உனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"சொல்ல மாட்டான்."

"தாத்தாவாச்சே."

"கெர்டா, ஒரு காரோட விளக்கு அரை விரல் உயரமா இருக்குன்னு என்னை ரெண்டு தடவ திருப்பி அனுப்பினவன் அவன். தான் தப்புன்னு அவன் வாயால வராது. நீ பாரு."

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. சங்கக் கட்டடத்தில் பத்தொன்பது பேர். ஜன்னல் வழியாக வெயில் நேரே ஃபோல்கேயின் வழுக்கையில் விழுந்தது. அவருக்குச் சுத்தியல் தட்டுவதென்றால் உயிர். கூட்டம் திறந்தது என்று ஒரு தட்டு. நிகழ்ச்சி நிரல் ஏற்கப்பட்டது என்று ஒரு தட்டு. மினிட்ஸைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் உறுப்பினர், அகரவரிசைப்படி இம்முறை வல்லாண்டர் என்று ஒரு தட்டு. ஸ்தூரே ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அது முடிந்துவிட்டது.

"மூணாவது, துப்பாக்கி 1187. நாலாவது, கழிப்பறைக் கதவு. மூணாவதை எடுப்போம்."

துப்பாக்கி மேசைமேல் துணியில் கிடந்தது. மூடிய அறையில் தார் வாசனை எல்லோர் கண்ணிலும் நீர் வரவழைத்தது. பார்த்தால் உருக்கமான கூட்டம்போல் இருந்தது.

"இது அந்தத் துப்பாக்கிதான்னு சங்கம் கருதுதான்னு கேள்வி," என்றார் ஃபோல்கே.

போன வருடம் தலைநகரிலிருந்து குடிவந்த ஒரு பையன் கை தூக்கினான். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும்.

"அவரோட லைசென்ஸ எடுத்துப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடுமே?"

சாப்பாட்டு மேசையில் யாரோ காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"அது ஸ்தூரேயோட சொந்த விஷயம்," என்றார் ஃபோல்கே மெதுவாக. "நாம அப்படியெல்லாம் பண்றதில்ல."

"மன்னிக்கணும்," என்றான் அந்த ஆள். உட்கார்ந்தான். அப்போதுதான் அவனுக்கும் புரிந்தது என்பது காதுகள் சிவந்ததில் தெரிந்தது.

ஸ்தூரே எழுந்தான்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

பின்வரிசையில் மாய்-பிரித் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். "சொல்லு ஸ்தூரே," என்றாள். இரண்டே வார்த்தை, ஆனால் நாற்பது வருடக் குடித்தனத்தின் நம்பிக்கையெல்லாம் அதில் இருந்தது.

ஹில்டூர் முதல் வரிசையில் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது.

"இந்தத் துப்பாக்கி..." என்றான் ஸ்தூரே.

ஹில்டூரைத் தவிர எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தார்கள். சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஃபோல்கே ஒரு தட்டுத் தட்டி, "அப்படியா," என்றிருப்பார். நாங்கள் காபி குடித்திருப்போம். ஆனால் ஸ்தூரே அந்த முகங்களில் பார்த்தது வேறு. இத்தனை பேரும் தன்னை நம்புகிறார்கள், தன் கைவேலையை நம்புகிறார்கள் என்று பார்த்தான்.

"இந்தத் துப்பாக்கி எங்க தாத்தாவோடதுதான்," என்றான். "அவர்தான் கொண்டு வந்தார். பரண்ல இருந்துச்சு."

மாய்-பிரித்தின் ஊசி நின்றது.

"பெத்ரூஸா?" என்றாள். "கடையில ரெண்டு காசு மிச்சம் அதிகமாக் கொடுத்துட்டாங்கன்னு பனிச்சறுக்குல ஆறு கிலோமீட்டர் திரும்பிப் போய்க் கொடுத்த பெத்ரூஸா?"

"வயசான காலத்துல அப்படி. இளம் வயசுல எப்படியோ."

"நீ பேசறது உனக்குக் கேக்குதா ஸ்தூரே?"

"மாய்-பிரித், பேசணும்னா கை தூக்கணும்," என்றார் ஃபோல்கே. அவள் தூக்கவில்லை. நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தத்தில் நாலாவது விஷயம், கழிப்பறைக் கதவு, எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஆதரவா இருக்கறவங்க?"

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. எனக்குத் தெரிந்து என் வாழ்நாளில் நான் பார்த்த மிக மெதுவான வாக்கெடுப்பு அது. ஸ்தூரே கடைசியாகத் தூக்கினான், பாதி உயரம் வரை.

"எதிர்ப்பு? இல்ல. ஏகமனதாக." தட்டு.

நான் எழுதியதை உரக்கப் படித்தேன். "துப்பாக்கி எண் 1187 கிடைத்தது. அதை 1943 டிசம்பரில் கிடங்கிலிருந்து காவலர் பெத்ரூஸ் வல்லாண்டர் எடுத்துச் சென்றார் என அவர் பேரன் சாட்சி கூறினார். கிடங்குப் பொறுப்பாளர் அர்விட் நூர்லோஃப் மீது எந்தத் தவறும் இல்லை."

ஸ்தூரே கை தூக்கினான். "'தவறுதலாக எடுத்துச் சென்றார்'னு போடலாமா?"

ஹில்டூர் அன்றைக்குக் கூட்டத்தில் வாய் திறந்தது அந்த ஒரே தடவைதான்.

"எங்கப்பாவுக்கு யாரும் 'தவறுதலாக'ன்னு போடல."

"சரி, வேண்டாம்," என்றான் ஸ்தூரே.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் ஃபோல்கே, விதிப்புத்தகத்தைப் புரட்டி. அவர் முகத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தை. "இது இப்ப அரசாங்கத்துச் சொத்து, காணாமப் போனது. அரசாங்கம் என்ன சொல்லுதுன்னு தெரியற வரைக்கும் இதை வெச்சு இங்க சுட முடியாது. அப்படின்னா ஞாயித்துக்கிழமை கணக்கும் செல்லாது. கோப்பை ரெண்டாவது இடத்துக்கு."

"இது முப்பத்தெட்டாயிரம்..." என்று ஆரம்பித்த ஸ்தூரே அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"முப்பத்தெட்டாயிரமா? பழைய துப்பாக்கியா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார் ஒருவர்.

"ஒண்ணுமில்ல."

"பத்திரமா வெச்சுக்கோ ஸ்தூரே. மறுபடியும் பரண்லயே வெச்சுடு," என்றார் இன்னொருவர். "அங்க எழுபது வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு."

மினிட்ஸை அவன் முன்னால் வைத்தேன். முழுசாகப் படித்தான். இரண்டாம் வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினான். "வல்லாண்டர்" என்ற பெயரில் எழுத்துச் சரியா என்று விரல் வைத்துப் பார்த்தான். பிறகு தன் தாத்தாவைத் திருடன் என்று சொல்லும் தாளுக்கு அடியில், ஆயிரம் கார்களுக்குப் போட்ட அதே தெளிவான கையெழுத்தைப் போட்டான். நான் முத்திரை குத்தினேன். அது கோணலாக விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராகத்தான் விழுந்தது.

கூட்டம் முடிந்ததும் நானும் ஹில்டூரும் தபால் பெட்டிவரை நடந்தோம். கோப்பையை ஒரு கையிலும், மினிட்ஸ் நகல் வைத்து ஒட்டிய உறையை ஒரு கையிலும் வைத்திருந்தாள்.

"சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்ன."

"எட்டு வயசுலேருந்து இந்தக் காகிதத்துக்குக் காத்திருந்தேன். அன்னைக்கு விசாரிச்சவனெல்லாம் எப்பவோ மண்ணாப் போயிட்டான். ஒருத்தனும் ஒரு வரி எழுதித் தரல. கடைசியில ஒரு கோழிக்கூண்டுத் துப்பாக்கி எழுதிக் கொடுக்குது."

எனக்கு அடக்க முடியவில்லை.

"ஏண்டி, பெத்ரூஸ் நிஜத்துல எப்படி? உங்கப்பாவும் அவரும் ஒரே மர ஆலையிலதானே?"

"ஒரே ஆலைதான்."

"அவரும் தட்ட எடுத்துக்கிட்டு எழுந்து போவாரா?"

ஹில்டூர் தபால் பெட்டிக்கு முன்னால் நின்றாள். உறையின் மூலையை நேராக்கினாள்.

"இல்ல," என்றாள். "எழுந்திருக்காதவர் அவர் ஒருத்தர்தான். பதினாறு வருஷம் எங்கப்பாவுக்கு எதிர்லயே உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா செத்தப்ப பெட்டி தூக்கினதும் அவர்தான்."

"அப்புறம் எப்படிடி உனக்கு மனசு வந்தது?"

"எழுந்து போன அத்தனை பேருக்கும் பேரனுங்க இருக்கானுங்க கெர்டா. ஒருத்தனாவது துப்பாக்கி செஞ்சானா?"

உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு டிராக்டர் போனது. ஓட்டியவர் கை காட்டினார், நான் கை காட்டினேன். ஹில்டூர் விரல்களை விட்டாள். உள்ளே காகிதம் விழுந்த சத்தம் கேட்டது.

"எப்ப எடுப்பாங்க?"

"இன்னைக்கு எடுத்தாச்சு. இனிமே நாளைக்குத்தான்."

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியின் வாயில் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். முட்டிவரை போயிற்று. அதற்குமேல் போகவில்லை. இன்னொரு கையாலும் பார்த்தாள்.

"கை நுழையாது," என்றேன்.

"நல்லது," என்றாள் ஹில்டூர்.